டெமோவில் போகாத கரண்ட்

ஜெனரேட்டர்

2011 ஜூன். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஏசி ஹாலில் ஆன்லைன் படிப்பு டெமோ. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கடலூரிலிருந்து வேன் வைத்து அழைத்து வரப்பட்ட பெற்றோர்கள் முந்தானையால் விசிறத் தொடங்குவதற்குள் வெளியே ஜெனரேட்டர் உறுமியது. திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. அந்தப் பெண்மணி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். கோட்டுப் போட்டிருந்த கம்பெனி ஆளுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா? நோ டிஸ்டர்பன்ஸ்! உலகத் தரப் படிப்பு, உங்க வீட்டுக் கூடத்துலயே!"

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "ஜெனரேட்டரும் நீங்களே குடுத்துடுவீங்களா சார்?"

ஹாலே சிரித்தது. கம்பெனி ஆளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த பாடத்தைப் போட்டார்.

எனக்கு யோசனை தோன்றியது அந்த நொடியில்தான். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கான ஆன்லைன் பாடத்தை ஏசி ஹாலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் வீட்டில், அந்த வீட்டு ப்ளக் பாயின்ட்டில், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தோடு, கரண்ட் போகிற நேரத்தில் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம். இதை ஏன் ஒருவரும் செய்வதில்லை? செய்தால் விற்காது. அதனால்தான்.

நான் அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலையில் இருந்தேன். பெயர் தேன்மொழி. பி.எஸ்சி. கணக்கு முடித்த சூடு ஆறவில்லை. சென்டரில் எனக்கு 'கவுன்சிலர்' என்று பதவி. பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, வீட்டிலிருந்தே பத்தாவது, பன்னிரண்டாவது தனித்தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு எந்த ஆன்லைன் ப்ரோக்ராம் பொருந்தும் என்று சொல்வது என் வேலை. அப்படித்தான் சொல்லி எடுத்தார்கள். எங்கள் ஓனர் பாஸ்கர் சார் அந்தக் கோட்டுக்காரரின் கம்பெனிக்கு ஏஜென்ட் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. ஆக, யார் வந்து எதைக் கேட்டாலும் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான்.

இந்த வேலைக்கு இனி வரப்போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை.

"ரிசல்ட்ட கெடுத்துடுவா"

ஜெனரேட்டர் கேட்ட அந்த அம்மாவின் பெயர் அஞ்சலை. தேவனாம்பட்டினம். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் விற்கிறவர். வீட்டுக்காரர் கலியமூர்த்தி ஐஸ் வண்டி ஓட்டுகிறார். ஒரே பெண், கயல். தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தேறியிருந்தாள். தேறிய பெண்ணைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"பத்தாவதுல எங்க ஸ்கூலு நூத்துக்கு நூறு ரிசல்ட்டும்மா. உங்க பொண்ணு கணக்குல வீக்கு. ரிசல்ட்ட கெடுத்துடுவா. வேற எங்கனா பாத்துக்கோங்க" என்று சொன்னாராம் அந்தப் பள்ளித் தாளாளர்.

பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒன்பதாம் வகுப்பு முடிகிற மாதத்தில் போய் நின்று பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் அழுத கண்ணோடு ஒரு பிள்ளை டி.சி. கவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் அதே வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுவார்கள்.

கயல் அதன் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சோறு வேண்டாம் என்றாள். வெளியே வரமாட்டேன் என்றாள். வீட்டிலிருந்தே படித்துத் தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாளாம். "இந்த வருஷமே எழுதணும். எங்கூட படிச்சவளுங்க எழுதுற அன்னிக்கே எழுதணும்." அதுதான் அவள் கேட்டது. ஒரு வருஷம் பின்தங்கினால் அவள் திரும்பப் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்பது அஞ்சலையக்காவுக்குத் தெரிந்திருந்தது.

நான் பாஸ்கர் சாரிடம் போய்ச் சொன்னேன். "சார், சென்டர் லேப்டாப்பும் டேட்டா கார்டும் குடுங்க. அந்தப் பொண்ணு வீட்லயே ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எது சரிவரும்னு சொல்றேன்."

"தேனு, நீ கவுன்சிலரா, கரண்டாபீஸ் லைன்மேனா?"

"அந்தப் பொண்ணு தமிழ்லதான் சார் பரீட்சை எழுதப்போவுது. நம்ம ப்ரோக்ராம் இங்கிலீஷு. பாடத்திட்டமும் டெல்லிப் பாடத்திட்டம்."

"ஒளிச்சேர்க்கை டெல்லில வேற, கடலூர்ல வேறயா?"

அஞ்சலையக்காவிடமே நேராகச் சொன்னேன், இது வேண்டாம் என்று. அவர் கேட்கவில்லை; பணம் கட்டிக் கயலைச் சேர்த்து, வாடகைக்கு ஒரு கம்ப்யூட்டரும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. "அந்த ஸ்கூலு வாசல்ல எம் பொண்ணு வெள்ளக்காரி மாரி பேசிக்கினு நிக்கணும் தேனு. அது போதும் எனக்கு." அவமானப்பட்டவரிடம் என்ன விற்க வேண்டும் என்பது கோட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாம் பச்சை

அந்த ப்ரோக்ராமில் ஒரு ஏற்பாடு. பிள்ளை ஒரு பாடம் பார்த்து முடித்தால் அது மஞ்சளாக நிற்கும். அப்பாவோ அம்மாவோ தங்கள் லாகினில் நுழைந்து, பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பார்த்து, 'கற்றுக்கொண்டாள்' என்று அமுக்கினால் பச்சையாகும். அப்புறம்தான் அடுத்த பாடம் திறக்கும். யோசித்தவர் நல்ல எண்ணத்தில்தான் யோசித்திருப்பார். இங்கிலீஷ் தெரிந்த அம்மாவையும் சாயங்காலம் வீட்டிலிருக்கும் அப்பாவையும் மனதில் வைத்து யோசித்திருக்கிறார்.

எங்கள் சென்டரில் சேர்ந்த பெற்றோர்களில் பாதிப்பேர் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் எல்லாருடைய பாஸ்வேர்டும் பாஸ்கர் சாரிடம். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே வரிசையாக உள்ளே போய் எல்லாவற்றையும் பச்சையாக்குவார். பார்க்காத பாடமும் பச்சை. கரண்ட் இல்லாததால் திறக்கவே திறக்காத பாடமும் பச்சை.

"சார், பிள்ளைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேட்டா லேட்டாவும். லேட்டானா கம்பெனில சிவப்பு காட்டும். சிவப்பு காட்டுனா பேரண்ட் பயப்படுவாங்க. நீ வேலய பாரு."

மாதக் கடைசியில் கலர் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். அஞ்சலையக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கயல் அந்தத் தாளைப் பிய்த்து எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

"எல்லாம் பச்சையா கீதுக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஸ்கூல்காரர் சொன்னது சரிதானோ என்று தன்னையே சந்தேகப்படுகிற முகம் அது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த முகத்தைக் கொடுத்தவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். நானும் அந்தச் சென்டரில்தான் சம்பளம் வாங்கினேன். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வேறு ப்ரோக்ராம்களைத் தேட ஆரம்பித்தேன். கட்டணம் உள்ளது, இல்லாதது, எல்லாவற்றிலும் டிரையல் போட்டேன். அனிமேஷனைப் பார்க்கவில்லை, சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்தால் அதே இடத்தில் நிற்கிறதா? நெட் இல்லாமல் ஓடுகிறதா? பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக் கணக்கே தகராறு என்றால் அங்கே கூட்டிக்கொண்டு போகிறதா, இல்லை பத்தாவதிலேயே நின்று கத்துகிறதா? இதைத்தான் பார்த்தேன். வெளிநாட்டு இலவசத் தளம் ஒன்று தேறியது. சின்னச் சின்ன வீடியோக்கள், ஒரு கரும்பலகை, ஒரு குரல். மூஞ்சி காட்டாது, மியூசிக் கிடையாது. டவுன்லோடு செய்துகொள்ளலாம். இங்கிலீஷ் என்பது ஒன்றுதான் குறை.

இதை நான் அஞ்சலையக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் டிசம்பர் வந்துவிட்டது.

புயலுக்கு ஆப்ஷன் இல்லை

டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் கடலூரை அடித்துத் துவைத்துப் போட்டது எல்லாருக்கும் தெரியும். கம்பங்கள் குச்சி மாதிரி முறிந்து கிடந்தன. அஞ்சலையக்கா வீட்டுக் கூரை ஷீட் எங்கே போய் விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மஞ்சக்குப்பத்துக்குக் கரண்ட் முதலில் வந்தது. அவர்கள் தெருவுக்குப் பொங்கலுக்கும் வரவில்லை.

ஜனவரியில் ஒருநாள் அக்கா சென்டருக்கு வந்தார். கயலின் லாகின் திறக்கவில்லை. கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழில் பேசுகிற ஒரு பெண் எடுத்தாள்.

"லைவ் கிளாஸ் தொடர்ந்து அட்டெண்ட் பண்ணாததால அக்கவுண்ட் ஆட்டோமேட்டிக்கா லாக் ஆயிருக்கு மேடம்."

"புயல் அடிச்சிருக்குங்க. ஊரே இருட்டுல கெடக்கு."

"புரியுது மேடம். காரணம் செலக்ட் பண்ணணும். உடல்நலக் குறைவு, வெளியூர்ப் பயணம், குடும்ப விசேஷம், மற்றவை."

"புயல்னு போடுங்க."

"சிஸ்டத்துல புயல்னு ஆப்ஷன் இல்ல மேடம்."

"அப்ப மற்றவை."

"மற்றவை குடுத்தா முதல் பாடத்துலேருந்து ரீஸ்டார்ட் ஆவும் மேடம்."

"உடம்பு சரியில்லன்னு போட்டா?"

"டாக்டர் சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணி, பேரண்ட் லாகின்ல அப்லோட் பண்ணணும்."

"கரண்ட் இல்லாத ஊர்ல எந்த மெஷின்ல ஸ்கேன் பண்றது?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது உதவி தேவைப்படுதா மேடம்?"

பக்கத்தில் நின்ற அக்கா என் தோளைத் தட்டினார். "இன்னா சொல்றா அவ?"

"வீட்ல எதுனா விசேஷமான்னு கேக்குறாக்கா."

"ஆமான்னு சொல்லு. கூரை பிச்சிக்கினு பூட்ச்சி, வந்து சாப்ட்டுட்டு மொய் எழுதிட்டுப் போவச் சொல்லு."

இதே மாதிரி இன்னும் பல பிள்ளைகளின் லாகின் பூட்டிக் கிடந்தது. எல்லாப் பெற்றோருக்கும் நானே போன் செய்தேன். "உங்க லாகின் பூட்டிட்டாங்க. எல்லாரும் சேந்து வந்து கேளுங்க" என்றேன். மறுநாள் காலையில் சென்டர் வாசலில் கூட்டம். பாஸ்கர் சார் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"நீ யாரு பக்கம்?"

"பிள்ளைங்க பக்கம் சார்."

"பிள்ளைங்களா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

"உங்களுக்கு அவுங்கதான சார் குடுக்குறாங்க."

அத்தோடு என் கவுன்சிலர் உத்தியோகம் முடிந்தது. வெளியே கூட்டம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. கம்பெனி இறங்கிவரவில்லை. பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன.

வேலு கடை

அஞ்சலையக்காவின் தம்பி வேலு. தேவனாம்பட்டினத்தில் செல்போன் கடை. ரீசார்ஜ், ஸ்கிரீன் கார்டு, முக்கியமாக மெமரி கார்டில் பாட்டு ஏற்றித்தருவது. சின்னக் கார்டில் ஊரில் உள்ள பாட்டையெல்லாம் அடைத்துக் கொடுப்பதில் கைகாரர். புயலுக்குப் பிறகு வாடகை ஜெனரேட்டர் ஒன்றைப் போட்டு ஊர் செல்போன்களுக்கு எல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

வேலை போன மறுநாள் அங்கே போனேன். கடை வாசலில் கயல் ஒரு சைனா செட்டை வைத்துக்கொண்டு ஏதோ சினிமாப் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி புரியவில்லை போலிருக்கிறது. பின்னால் தள்ளினாள், கேட்டாள். மறுபடி தள்ளினாள், கேட்டாள். பிடிபட்டதும் தானாகத் தலையாட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். அத்தனை மாதமாக அந்தப் பெண்ணுக்கு ஒருத்தரும் பின்னால் தள்ளிக் கேட்க ஒரு பட்டனைக் கொடுக்கவில்லையே. பாட்டுக்கு இருக்கிற மரியாதை பாடத்துக்கு இல்லையே!

"வேலுண்ணே, பாட்டு ஏத்துற மாரி கணக்கு ஏத்த முடியுமா?"

"வீடியோவா இருந்தா போதும்மா. செல்லுல ஓடுற த்ரீஜிபி ஃபார்மட்ல கன்வெர்ட் பண்ணி எதை வேணா ஏத்துவேன். கணக்கு இன்னா, கபடிய கூட ஏத்துவேன்."

அந்த இலவசத் தளத்து வீடியோக்களை எடுத்தேன். படத்தை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் குரலை எடுத்துவிட்டு, கரண்ட் வந்திருந்த என் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் குரலில் தமிழ் போட்டேன். முதல் பாடம் ஒரு சாதாரணச் சமன்பாடு. "எக்ஸை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ஐந்தை அந்தப் பக்கம் கொண்டு போனால் மைனஸ் ஐந்து" என்று பேசிக்கொண்டே போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுக்கா. அஞ்சு அந்தாண்ட போனா ஏன் மைனஸ் ஆவுது? வழில இன்னா நடந்துச்சு அதுக்கு?"

"வழில ஒண்ணும் நடக்கலடி. அது எங்கயும் போவல. ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிக்கிறோம். இங்க அஞ்சு காலி. அங்க அஞ்சு கொறஞ்சிடுச்சி."

"அப்ப 'போவுது போவுது'ன்னு ஏன் சொன்னாங்க எல்லாரும்? நான் இத்தினி வருஷமா அது எப்படி சமக்குறிய தாண்டிப் போவுதுன்னு யோசிச்சிக்கினே இருக்குறேன்."

இந்தப் பெண்ணையா கணக்கில் வீக் என்று துரத்தினார்கள்? நாங்கள் யாருமே யோசிக்காமல் ஒப்பித்த இடத்தில் இவள் நின்று கேள்வி கேட்டிருக்கிறாள். கேள்வியை வெளியே விடாமல் அடக்கிவைத்ததற்குத்தான் டி.சி.

அந்தக் குறுக்குக் கேள்வியை நான் வெட்டவில்லை. அப்படியே பாடத்தில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தினாள். வேலு அண்ணன் கார்டில் ஏற்றினார். அவள் கடை ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய செட்டில், கூரை இல்லாத வீட்டில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டாள். மற்றப் பாடங்களை அரசுப் புத்தகத்தை வைத்து நான் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தேன். கடைக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். "அந்த நில்லுக்கா வீடியோ கீதாண்ணே?" என்பார்களாம்.

பேனர்

கூடப் படித்தவர்கள் எழுதிய அதே நாட்களில் கயல் பரீட்சை எழுதினாள். ஜூனில் ரிசல்ட். எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் நல்ல மார்க். அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் இடம் கிடைத்தது. இங்கே நான் முடித்திருக்கலாம். முடிக்க விட்டார்களா?

அந்த வாரமே மஞ்சக்குப்பத்தில் எங்கள் பழைய சென்டர் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. அட்மிஷனுக்குக் கொடுத்த போட்டோவிலிருந்து கயலின் முகம், ஆள் உயரத்துக்கு. 'வீட்டிலிருந்தே வெற்றி! எங்கள் ஆன்லைன் மாணவி!' கீழே கம்பெனி பெயர், கோட்டுக்காரரின் சிரிப்பு. முதல் பாடத்திலிருந்து ஆரம்பி என்றவர்கள், ஜனவரியோடு லாகினைப் பூட்டியவர்கள்!

நான் போய் அதைக் கிழிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அஞ்சலையக்கா என் கையைப் பிடித்தார். "கிழிக்காதடி. நல்ல கெட்டி சீட்டு." வேலுவைப் பார்த்தார். "ஏறுடா. நூலு பிரியாம அவுரு."

பாஸ்கர் சார் ஓடிவந்தார். "யம்மா, இன்னா பண்றீங்க? அது எங்க பேனர்!"

"மூஞ்சி யாருது சார்?"

"உங்க பொண்ணுதுதான்..."

"எம் பொண்ணுதுதான? வூட்டுக்கு இட்டுக்கினு போறேன். உங்க கம்பெனி ஆளும் கூட சிரிச்சிக்கினு வரட்டும், நான் வாணான்னு சொல்லல."

ரோட்டில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பட்டப்பகலில், மீன் கூடை வைக்கிற ஷேர் ஆட்டோவில், சுருட்டிய ஃபிளெக்ஸோடு நாங்கள் தேவனாம்பட்டினம் போனோம்.

புயலில் பறந்த கூரைக்குப் பதில் போட்டிருந்த தார்ப்பாய் அதற்குள் கந்தலாகியிருந்தது. கலியமூர்த்தி அண்ணன் மேலே ஏறி, "மச்சான், கயித்த இழு, காத்து தூக்குது" என்று வேலுவிடம் கத்தினார். அக்கா கீழே நின்று உத்தரவு போட்டார். கயல் முகம் வீட்டுக்குள்ளே பார்க்கிற மாதிரி. கம்பெனி பெயர் உள்ள ஓரம் மட்டும் வெளியே மடங்கித் தாழ்வாரத்தில். மழைத் தண்ணீர் வழிய வேண்டிய இடத்தில் கோட்டுக்காரர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு தொங்கினார்.

இந்த வருஷமும் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளைத் துரத்திவிட்டன. வேலு கடைக்கே சில பேர் டி.சி. கவரோடு வந்துவிட்டார்கள். பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்திலிருந்தும் ஒரு பையன் வந்தான். கணக்குக்கு ஒருவழியாகக் கார்டு இருக்கிறது. அறிவியலுக்கு ஒன்றும் இல்லை. எந்தத் தளத்திலிருந்தும் எடுக்காமல், அரசுப் பாடப் புத்தகத்தை வைத்து நாங்களே எடுக்கப் போகிறோம். பாடம் நான், கேள்வி கயல். கயல் விட்டுவிட்ட இடத்தில் கேட்பதற்குப் பிச்சாவரத்துப் பையனையும் உட்காரவைக்கிறோம். எடுத்ததை முதலில் அவன் வீட்டில் ஓட்டிப் பார்ப்போம். அங்கே ஓடினால்தான் வேறு ஒருவருக்குக் கொடுப்பது.

நாளைக் காலை, அந்தக் கூரைக்குக் கீழே, வேலு அண்ணன் செல் கேமராவில் முதல் பாடத்தை எடுக்கிறோம். ஒளிச்சேர்க்கைதான். கரண்ட் இருக்கிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.